பாலன் குடிலும் சுல்தானின் பாசறையும்: அசிசி நகர் பிரான்சிஸின் வாழ்வு

டிசெம்பர் மாதம் பிறந்துவிட்டால் கொட்டாஞ்சேனை முதல் குருநகர் வரை, நீர்கொழும்பு முதல் மட்டக்களப்பு வரை கிறிஸ்தவ இல்லங்களிலும் ஆலயங்களிலும் பாலன் குடில்கள் எழுகின்றன. வைக்கோல் வேய்ந்த சிறு கொட்டில், களிமண்ணாலான ஆடு மாடுகள், இடையர்கள், மூன்று ஞானிகள், நடுவே ஒரு குழந்தை என அக்காட்சி நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. கிறிஸ்தவர் அல்லாத அயலவரின் பிள்ளைகளும் அதனை எட்டிப் பார்த்து மகிழ்வதுண்டு. ஆயின், இக்குடிலை அமைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அதற்கு வித்திட்டவர் யார், அவர் எத்தகைய காலத்தில் வாழ்ந்தார் என்பனவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நத்தார் வழக்கங்கள் பலவும் இயேசுவின் காலத்திலிருந்து அப்படியே வந்தவை அல்ல. டிசெம்பர் 25ஆம் திகதி அவரது பிறப்பு நாளாகக் குறிக்கப்பட்டமைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான சான்று, கி.பி. 354இல் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியே ஆகும். முன்னணையும் இடையரும் லூக்காவின் நற்செய்தியில் வருகின்றனர். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மத்தேயுவின் நற்செய்தியில் வருகின்றனர். குடிலில் தவறாது இடம்பெறும் எருதும் கழுதையுமோ பிறப்பு வரலாற்றைக் கூறும் எந்த நற்செய்தியிலும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் தம் எசமானனை அறிந்த மிருகங்களாக அவை குறிப்பிடப்படுவதை வைத்தே பிற்காலத்தோர் அவற்றை முன்னணையருகே நிறுத்தினர்.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, எளிய மக்கள் கண்ணாற் காணத்தக்க ஒரு காட்சியாக 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சோ என்னும் மலைக் கிராமத்தில் அமைத்தவர் அசிசி நகர் பிரான்சிஸ். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், சிலுவைப் போர் மூண்டிருந்த வேளையில், ஆயுதமின்றி எகிப்திய சுல்தானின் பாசறைக்குச் சென்றவரும் அவரே. இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அம்மனிதரின் முழு உருவமும் நமக்குப் புலப்படும் என்று கருதுகிறோம்.

துணி வணிகரின் மைந்தன்

மத்திய இத்தாலியின் உம்பிரியாப் பிரதேசத்திலுள்ள அசிசி நகரில் 1181 அல்லது 1182ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை பியெத்ரோ தி பெர்னார்தோனே செல்வம் மிக்க துணி வணிகர். தாயின் பெயர் பிக்கா. தந்தை வணிக நிமித்தம் பிரான்ஸ் சென்றிருந்தபோது பிறந்த குழந்தைக்குத் தாய் ஜொவான்னி எனப் பெயரிட்டார். திரும்பி வந்த தந்தை, பிரெஞ்சுக்காரன் என்னும் பொருள்படப் பிரான்செஸ்கோ என்று அழைக்கலானார். அப்பெயரே நிலைத்தது.

அது பழைய பிரபுத்துவமும் புதிய வணிகச் செல்வமும் மோதிக்கொண்ட காலம். குடிப்பிறப்பால் உயர்ந்தவர்கள் ஒருபுறமும், பணத்தால் உயர்ந்துகொண்டிருந்த வணிகர்கள் மறுபுறமும் நின்றனர். இளம் பிரான்சிஸ் தந்தையின் கடையில் வேலை செய்தார். நண்பர்களுக்கு விருந்து வைத்தார். விலையுயர்ந்த ஆடைகள் அணிந்து, பாடித் திரிந்தார். வீரனாகிப் பிரபுக்களுக்கு நிகரான மதிப்பைப் பெறவேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது.

அசிசியின் மக்கள் தம் நகரப் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அப்பிரபுக்கள் அயல் நகரான பெருஜியாவில் அடைக்கலம் புகுந்தனர். இதனால் இரு நகரங்களுக்கும் இடையே போர் மூண்டது. 1202இல் கொலெஸ்திராதா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் அசிசி தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு பெருஜியாவின் சிறையில் கிடந்தார். விடுதலையான பின் நீண்ட காலம் நோயுற்றார். போர்க்களம் என்பது பாடல்களில் வரும் வீரக்கதையன்று என்பதை அவர் தம் உடலாலேயே அறிந்துகொண்டார். ஆயினும் 1205இல் மீண்டும் தென்னித்தாலியப் போருக்குப் புறப்பட்டவர், ஸ்பொலேத்தோ நகர் வரை சென்று, மனம் மாறித் திரும்பிவிட்டார்.

அக்காலத்தில் தொழுநோயாளர் ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் காணவே அஞ்சி விலகிச் சென்றவர் பிரான்சிஸ். அவர்களிடையே சென்று பணிபுரிந்ததே தம் வாழ்வின் திருப்பம் என்று அவர் தமது இறுதி விருப்ப ஆவணத்தில் பதிவு செய்துள்ளார். அவரது மாற்றத்துக்கு அற்புதக் காட்சிகளைக் காரணமாகக் கூறுவோர் பலர். அவரோ, தாம் அருவருத்த மனிதர்களை நெருங்கியதையே முதற் காரணமாகக் கொண்டார் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும்.

இடிந்து கிடந்த சான் தாமியானோ ஆலயத்தைச் சீரமைப்பதற்காகத் தந்தையின் துணிகளையும் குதிரையையும் அவர் ஃபொலிஞ்ஞோ நகரில் விற்றார். சினமுற்ற தந்தை மகனை ஆயர் குய்தோவின் முன் நிறுத்தினார். 1206இல் நடந்த அவ்விசாரணையில் பிரான்சிஸ் எஞ்சிய பணத்தை மட்டுமன்றி, உடுத்திருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். ஆயர் தமது மேலங்கியால் அவரைப் போர்த்தினார். துணி வணிகரின் மகன் துணியையே துறந்து நின்றமை, அக்காலச் செல்வத்தின் மீதான தீர்ப்பாகவே அசிசி மக்களின் நினைவில் பதிந்தது.

1208ஆம் ஆண்டளவில் தோழர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து சேர்ந்தனர். 1209இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ற் அவர்களது வாழ்க்கை முறைக்கு வாய்மொழி மூலம் அங்கீகாரம் வழங்கினார். சமூகத்தின் கீழ்த்தட்டு மக்களைக் குறித்த சொல்லையே எடுத்து, தம் குழுவினருக்குச் சிறிய சகோதரர் என்று பிரான்சிஸ் பெயரிட்டார். அவர்கள் நிலமோ வீடோ பணமோ வைத்துக்கொள்ளவில்லை. உடலுழைப்பினாலும், அது போதாதவிடத்து இரந்தும் உயிர் வாழ்ந்தனர். 1212இல் பிரபு குலத்தைச் சேர்ந்த கிளாரா என்னும் இளம்பெண் அவரது வழியைப் பின்பற்றி வந்தார். அவரிலிருந்தே கிளாரா சபைத் துறவியர் தோன்றினர்.

சுல்தானின் பாசறையில்

ஸலாஹுத்தீன் ஐயூபி 1187இல் ஜெரூசலத்தை மீட்டெடுத்த பின்னர், ஐரோப்பியர் அதனை மீண்டும் கைப்பற்றும் நோக்குடன் படைகளைத் திரட்டிய வண்ணம் இருந்தனர். ஐந்தாம் சிலுவைப் போரில் அவர்களது இலக்கு எகிப்தாக அமைந்தது. நைல் நதி கடலொடு கலக்குமிடத்திலுள்ள திம்யாத் துறைமுகத்தை 1218 முதல் அவர்கள் முற்றுகையிட்டனர். ஸலாஹுத்தீனின் சகோதரர் மகனான அல்மலிக் அல்காமில் அப்போது எகிப்தின் சுல்தானாக இருந்தார்.

பிரான்சிஸ் 1219ஆம் ஆண்டின் கோடை காலத்தில் அங்கு வந்து சேர்ந்தார். ஓகஸ்ட் 29ஆம் திகதி சிலுவைப் படையினர் பெருந்தாக்குதலுக்கு ஆயத்தமானபோது அதனைத் தவிர்க்குமாறு அவர் எச்சரித்ததாகவும், படையினர் அவரை எள்ளி நகையாடியதாகவும் அவரது முதல் வரலாற்றாசிரியரான செலானோ தோமஸ் எழுதியுள்ளார். அத்தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. அதன்பின் சண்டை ஓய்ந்திருந்த வேளையில் பிரான்சிஸ், இலுமினாத்தோ என்னும் சகோதரருடன் போர்முனையைக் கடந்து எகிப்தியப் படையின் பக்கம் நடந்தார். அவர்கள் கைது செய்யப்பட்டுச் சுல்தானின் முன் கொண்டு செல்லப்பட்டனர்.

அங்கு நடந்தவை பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் எழுதியவையே. பிரான்சிஸ் நெருப்பினுள் நடந்து தம் மதத்தின் உண்மையை நிறுவ முன்வந்ததாகக் கூறப்படும் கதை பல பத்தாண்டுகள் கழிந்தே எழுத்தில் வந்தது. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அக்களத்தில் இருந்த அக்கா நகர் ஆயர் ஜாக் தெ வித்ரியின் பதிவே நம்பத்தக்கது. சுல்தான் அவரது பேச்சைச் சில நாட்கள் அமைதியாகச் செவிமடுத்தார் என்றும், தீங்கின்றிப் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்பினார் என்றும் அவர் எழுதியுள்ளார். சிலுவைப் போரை ஆதரித்துப் பரப்புரை செய்த ஓர் ஆயரே எதிரி மன்னனின் பெருந்தன்மையை ஒப்புக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

பிரான்சிஸ் தமது மதத்தைப் போதிக்கவே சென்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அல்காமில் தமது மார்க்கத்திலிருந்து இம்மியளவும் அசையவில்லை என்பதும் உண்மை. ஒருவர் மற்றவரை மாற்றவில்லை. ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் பேச விட்டனர். உயிரோடு திரும்பவும் விட்டனர். இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த நிலத்தில் இது சிறிய காரியமன்று.

அல்காமிலின் இயல்பை அவரது பிற்காலச் செயல்களும் காட்டுகின்றன. திம்யாத் முற்றுகையை நீக்கினால் ஜெரூசலத்தை விட்டுத் தருவதாக அவர் முன்வந்தார். பாப்பரசரின் பிரதிநிதியான கர்தினால் பெலாஜியஸ் அதற்கு இணங்கவில்லை. 1219 நவம்பரில் திம்யாத் வீழ்ந்தது. எனினும் 1221இல் கெய்ரோ நோக்கிச் சென்ற சிலுவைப் படை நைல் வெள்ளத்தில் சிக்கிச் சரணடைந்தது. பட்டினியால் வாடிய அப்படையினருக்குச் சுல்தான் உணவளித்தார். பின்னர் 1229இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்குடன் உடன்படிக்கை செய்து, இரத்தம் சிந்தாமலே ஜெரூசலம் தொடர்பான பிணக்கைச் சில காலம் தீர்த்து வைத்தார். அதற்காக அவர் தம்மவரிடமே கடுங்கண்டனத்துக்கு ஆளானார். சமாதானத்தை நாடுவோர் இரு பக்கத்திலும் ஏச்சு வாங்குவது அன்றும் வழமையாகவே இருந்தது.

எகிப்துப் பயணம் பிரான்சிஸின் சிந்தனையிலும் தடம் பதித்தது. முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர்கள் வாக்குவாதங்களிலும் சச்சரவுகளிலும் ஈடுபடாது, எல்லோருக்கும் பணிந்து வாழ்ந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை மட்டும் மறைக்காதிருத்தலே முதல் வழி என்று 1221ஆம் ஆண்டின் சபை ஒழுங்கு விதிகளில் அவர் எழுதினார். வாளே மொழியாக இருந்த காலத்தில் இது புதுமையான குரலாகும். அன்றியும் ஆட்சியாளர்களுக்கு எழுதிய மடலொன்றில், மக்கள் யாவரும் இறைவனைப் புகழும்படி ஒவ்வொரு மாலையும் அறிவிப்பாளர் மூலமோ வேறு அடையாளத்தாலோ அழைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். எகிப்தில் அவர் செவியுற்ற பாங்கோசையின் தாக்கம் இதில் உண்டென ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சுல்தான் அளித்ததாக வழிவழியாகக் கூறப்படும் தந்தக் கொம்பு ஒன்று இன்றும் அசிசிப் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

கிரெச்சோவின் இரவு

எகிப்திலிருந்து திரும்பிய பிரான்சிஸ் உடல் தளர்ந்திருந்தார். அங்கு பற்றிய கண் நோய் அவரை இறுதிவரை விடவில்லை. சபையோ ஆயிரக்கணக்கானோரைக் கொண்டதாகப் பெருகி, அவரது எளிய கட்டுப்பாடுகளுக்குள் அடங்காததாகிவிட்டது. 1220இல் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 1223 நவம்பர் 29இல் சபையின் இறுதி ஒழுங்கு விதிகளைப் பாப்பரசர் மூன்றாம் ஒனோரியஸ் உறுதி செய்தார்.

அதே ஆண்டு நத்தாருக்குப் பதினைந்து நாட்கள் முன்பாக, கிரெச்சோவில் வாழ்ந்த ஜொவான்னி என்னும் நண்பரிடம் பிரான்சிஸ் ஒரு வேண்டுகோள் விடுத்தார். பெத்லகேமில் பிறந்த குழந்தை பட்ட இல்லாமையைத் தம் கண்களாலேயே காண விரும்புவதாகவும், அதற்கென ஒரு முன்னணையும் வைக்கோலும் எருதும் கழுதையும் ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நண்பர் அவ்வாறே செய்தார். அன்றிரவு சுற்றுப்புறத்து மக்கள் மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஏந்தி மலையேறி வந்தனர். முன்னணையின் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. குருவாக அன்றித் திருத்தொண்டராக மட்டுமே இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்னும் பெயரை ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற குரலில் அவர் உச்சரித்தார் என்கிறார் செலானோ தோமஸ்.

அங்கே மரியாளோ சூசையப்பரோ ஞானிகளோ இருந்ததாக அவ்வரலாறு கூறவில்லை. குழந்தையின் உருவம்கூட வைக்கப்படவில்லை. வெறுமையான முன்னணையில் ஒரு குழந்தை துயில்வதை அங்கிருந்த ஒருவர் காட்சியாகக் கண்டார் என்று மட்டுமே கூறப்படுகிறது. இன்றைய குடில்களின் பொன்னிழைகளும் மின்குமிழ்களும் அந்த முதற்குடிலில் இல்லை. வைக்கோலும் குளிரும் விலங்குகளின் மூச்சுமே இருந்தன.

முன்னணையை நினைவுகூரும் வழக்கம் அதற்கு முன்னரே உரோமையில் இருந்தது. ஆலயங்களில் பிறப்பு நாடகங்களும் நடிக்கப்பட்டன. ஆகவே இதனை எதுவுமில்லாத வெறுமையிலிருந்து அவர் படைத்தார் எனல் மிகையாகும். ஆனால் கல்வியறிவற்ற ஏழைகள் இலத்தீன் மொழி வழிபாட்டைப் புரியாது நின்ற காலத்தில், இடையரும் உழவரும் தம் வீட்டுத் தொழுவத்திலேயே தம் கடவுளைக் காணச் செய்தவர் அவரே. புனித பூமியைப் போரிட்டுப் பிடித்தாலன்றி நிறைவில்லை என்று ஐரோப்பா முழங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைக் கிராமமும் பெத்லகேமாகலாம் என அவர் காட்டினார். திம்யாத்தின் பிணக்குவியலைக் கண்டு திரும்பியவர் இதைச் செய்தார் என்பதில் பொருள் உண்டு என்றே நாம் எண்ணுகிறோம்.

நத்தார் நாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும், எருதுகளுக்கும் கழுதைகளுக்கும் இருமடங்கு தீனி போடவேண்டும், பறவைகளுக்காக வீதிகளில் தானியம் தூவும்படி பேரரசர் சட்டம் இயற்றவேண்டும் என்பன அவரது விருப்பங்களாக இருந்தன. விழா என்பது இல்லாதவரையும் வாயில்லாச் சீவன்களையும் பந்தியில் அமர்த்துவது என்பதே அவரது கொள்கை.

1224இல் லா வேர்னா மலையில் தவமிருந்தபோது சிலுவைக் காயங்களின் அடையாளங்கள் அவரது உடலில் தோன்றியதாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். பார்வை ஏறத்தாழ முற்றாக மங்கிய நிலையில், 1225இல் சூரியனையும் நிலவையும் நீரையும் நெருப்பையும் உடன்பிறப்புகளாக விளித்துத் தம் தாய்மொழியில் ஒரு புகழ்ப்பாடலை இயற்றினார். இத்தாலிய மொழி இலக்கியத்தின் தொடக்க கால ஆக்கங்களுள் அது ஒன்றாகப் போற்றப்படுகிறது. அசிசியின் ஆயரும் நகரத் தலைவரும் பகைத்து நின்றபோது, மன்னிப்பைப் பற்றிய வரிகளை அதில் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் பாடச் செய்து அவர்களை ஒன்றிணைத்தார். 1226 ஒக்டோபர் 3ஆம் திகதி மாலை, தம் விருப்பப்படியே வெறுந்தரையில் கிடந்து உயிர் நீத்தார். ஈராண்டுகள் கழியுமுன்னே பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி அவரைப் புனிதராக அறிவித்தார்.

குடில் பரவிய வழி

பிரான்சிஸ்கன் துறவியர் சென்ற இடமெல்லாம் குடிலும் சென்றது. உரோமையின் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்கென 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்னொல்ஃபோ தி கம்பியோ செதுக்கிய கற்சிலைகள், இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய குடில் உருவங்களுள் அடங்கும். 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் அரண்மனையின் ஆதரவுடன் இது பெருங்கலையாக வளர்ந்தது. அங்கே மீன் விற்போரும் ரொட்டி சுடுவோரும் குழந்தையைக் காண வரும் கூட்டத்தில் இடம்பிடித்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் போது ஆலயங்கள் மூடப்பட்டபோது, தென் பிரான்சின் மக்கள் சிறு களிமண் உருவங்களைத் தம் வீடுகளில் வைத்து வணங்கினர். ஆலயத்திலிருந்த குடில் இல்லத்துக்குள் வந்தது இவ்வாறே.

பெத்லகேமிலேயே இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் ஆலயத்தின் பராமரிப்பில், கிரேக்க, ஆர்மேனியத் திருச்சபைகளுடன் பிரான்சிஸ்கன் சபையினரும் பங்கு கொண்டுள்ளனர். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் இசைவுடனேயே அவர்கள் புனித பூமியில் நிலைகொண்டனர். இஸ்லாமும் ஈஸா நபியின் பிறப்பை இறைவனின் அத்தாட்சியாகப் போற்றுகிறது. அல்குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் மர்யம் அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. அக்குழந்தையைப் பற்றிய நம்பிக்கைகள் வேறுபடினும், அக்குழந்தைக்கான மரியாதை இரு சமூகத்தாருக்கும் பொதுவானதே.

நம் நாட்டின் வரலாற்றில் பிரான்சிஸின் பெயர் இரு முகங்களைக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் இங்கு வந்தது போர்த்துக்கேயரின் கப்பல்களில். அந்த ஆட்சியில் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதையும், 1626இல் முஸ்லிம்கள் கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்டதையும் நாம் மறந்துவிட இயலாது. வாளின் நிழலில் வந்த சமயம், வாளின்றிச் சுல்தானிடம் சென்றவரின் வழியிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது.

மறுமுகமும் உண்டு. கொச்சிக்கடையில் எல்லா மதத்தவரும் நேர்த்தி வைத்து வணங்கும் அந்தோனியார், பிரான்சிஸ் உயிருடன் இருக்கையிலேயே அவரது சபையில் சேர்ந்த சீடர். அவ்வாலயத்தின் மீதும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள் மீதும், கொழும்பின் விடுதிகள் மீதும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே எக்குற்றமும் அறியாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிரான்சிஸும் அல்காமிலும் சந்தித்த 800ஆவது ஆண்டு அதுவே. அதே ஆண்டின் பெப்ரவரியில்தான் பாப்பரசர் பிரான்சிஸும் அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்தையிப்பும் மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்தில் அபுதாபியில் கையொப்பமிட்டிருந்தனர்.

ஆவணங்கள் மட்டும் அயலவரைக் காப்பதில்லை என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது. பிரான்சிஸ் பாசறைக்கு நடந்தபோது அவரிடம் எந்த ஒப்பந்தமும் இருக்கவில்லை. தன் தரப்பார் எள்ளியபோதும் எதிர்த்தரப்பாரை மனிதராகக் காணும் துணிவே இருந்தது. அவரைத் தண்டிக்கும் அதிகாரம் முழுவதும் கையிலிருந்தும், செவிகொடுக்கும் பொறுமை அல்காமிலிடம் இருந்தது. இத்துணிவும் இப்பொறுமையும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தந்திராது.

பாலன் குடிலில் வைக்கோல் பரப்பும் கைகளும், நோன்புப் பெருநாளில் அயல் வீட்டுக்கு உணவு அனுப்பும் கைகளும், தீபாவளிப் பலகாரம் பகிரும் கைகளும் இந்நாட்டில் ஒரே தெருவில் வாழ்பவை. கலவர நாட்களில் அவற்றின் இடையே அச்சத்தை விதைப்போர் எப்போதும் இருக்கவே செய்வர். அந்நாட்களில் தெருவைக் கடந்து அயலவரின் கதவைத் தட்டுவதும், தட்டியவருக்குக் கதவைத் திறப்பதுமே கிரெச்சோவின் குடிலுக்கும் திம்யாத்தின் பாசறைக்கும் நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதையாகும்.